வீட்டுத் தோட்டத்தில் ஹேசல்நட் மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வாரக்கடைசியில் காரை எடுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினால், சீக்கிரமே சாலையின் இரண்டு பக்கமும் வரிசை பிடித்து நிற்கும் மரங்களைப் பார்க்கலாம். அடியில் ஒரு புல்கூட இல்லாமல், பெருக்கி மெழுகிய வாசல் மாதிரி தரை இருக்கும். அவை ஹேசல்நட் தோப்புகள். அமெரிக்காவில் விளையும் ஹேசல்நட்டில் ஏறக்குறைய முழுவதும் இந்த வில்லாமெட் பள்ளத்தாக்கில் இருந்துதான் வருகிறது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் இப்போது மூன்று மரங்கள் காய்க்கின்றன. வந்து பார்க்கிறவர்கள் எல்லாரும் அனேகமாக ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கன்று வாங்கப் போவதற்கு முன்பே நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. இந்த மரத்தில் பெரிய தவறுகள் எல்லாம் குழி தோண்டுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன.

ஃபில்பர்ட் என்றும் சொல்கிறார்களே, அது வேறு மரமா?

இல்லை, இரண்டும் ஒன்றுதான். இங்குள்ள பழைய விவசாயிகள் ஃபில்பர்ட் என்றுதான் சொல்வார்கள். வெளிச்சந்தையில் ஹேசல்நட் என்ற பெயரே பழக்கம் என்பதால் 1981இல் ஒரிகன் வளர்ப்பாளர்கள் அந்தப் பெயருக்கு மாறினார்கள். 1989இல் இது மாநிலத்தின் அதிகாரபூர்வக் கொட்டையானது. நியூட்டெல்லாவில் இருப்பது இந்தப் பருப்புதான். உலக அளவில் முதலிடம் துருக்கிக்கு. அங்கே கருங்கடல் ஓரத்து மலைச்சரிவுகளில் விளைகிறது.

வணிக ரகங்கள் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் காட்டு ஹேசல் இருந்தது, இன்றும் இருக்கிறது. கலாப்பூயா பழங்குடி மக்கள் தரைப்புதரைத் தீயிட்டுத் திருத்தி, அந்தக் கொட்டைகளைச் சேகரித்து உண்டிருக்கிறார்கள். அதன் கொம்புகளில் கூடையும் முடைந்தார்கள்.

இடம் குறைவு. ஒரே ஒரு மரம் வைத்தால் காய்க்காதா?

காய்க்காது. என் முதல் மரத்தை நான் அப்படித்தான் வைத்தேன். விற்ற இடத்தில் இது தனியாகவே காய்க்கும் என்று சொன்னார்கள், நம்பினேன். ஐந்து வருடம் இலை செழித்தது, ஜனவரி தவறாமல் மஞ்சள் சரங்கள் தொங்கின. செப்டம்பரில் மரத்தடியில் குனிந்து தேடினால் ஒன்றும் இருக்காது. அந்த ஐந்து வருடம் திரும்பி வராது என்பதால்தான் இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்கிறேன்.

ஹேசல்நட்டில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் இருக்கும். நீளமாக வால் மாதிரி தொங்குவது ஆண் பூச்சரம். பெண் பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்: ஒரு சின்ன மொட்டின் நுனியில் சிவப்பு நூல் பிரிந்தது போல இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிவப்பு நூல் தன் மரத்து மகரந்தத்தை ஏற்காது. நம் ஊரில் பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லையே, கிட்டத்தட்ட அந்த மாதிரி முறை பார்க்கிற மரம் இது. ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு குல அடையாளங்கள் உண்டு. வரும் மகரந்தத்தின் அடையாளம் பெண் பூவில் இருப்பதோடு ஒத்துப்போனால், அங்கேயே அது தடுக்கப்படும்.

இதனால் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். ஒரே ரகத்தில் இரண்டு கன்று வாங்கி வைத்தாலும் பயன் இல்லை. பதியம் போட்டோ திசு வளர்ப்பிலோ வந்த கன்றுகள் எல்லாம் உண்மையில் ஒரே மரத்தின் நகல்கள். ஜெஃபர்சன் என்ற ரகத்தில் இரண்டு மரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், மகரந்தத்தைப் பொறுத்தவரை அது ஒற்றை மரம்தான்.

அப்படியானால் எந்த ரகத்தோடு எதை வைக்க வேண்டும்?

குலம் வேறாக இருந்தால் மட்டும் போதாது, காலமும் ஒத்து வர வேண்டும். பெண் பூ ஏற்கத் தயாராக இருக்கும் வாரத்தில் மற்ற மரம் மகரந்தம் உதிர்க்க வேண்டும். ஜெஃபர்சனின் பெண் பூ மிகவும் தாமதமாக விரிவது. அதற்குத் துணையாக ஈட்டா, தீட்டா என்ற இரண்டு ரகங்களை 2009இல் ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இரண்டுமே தாமதமாக மகரந்தம் உதிர்ப்பவை.

இடம் குறைவு என்றால் நான் யாம்ஹில், டோரிஸ் இரண்டையும் பார்க்கச் சொல்வேன். யாம்ஹில் 2008இல் வந்தது, டோரிஸ் 2012இல். இரண்டும் பெரிதாகப் படராத மரங்கள். யாம்ஹில் கொட்டை சிறியதாக இருந்தாலும் பருப்பு நன்றாக இருக்கும். எதை வாங்கினாலும் இதற்கு மகரந்தம் தரும் ரகம் எது, அது எப்போது பூக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டு மரமும் 50 அடிக்குள் இருக்கட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் பொருத்தமான மரம் வைத்திருந்தால் அதுவே போதும். எங்கள் தெருவில் இரண்டு குடும்பம் பேசிவைத்து ஆளுக்கொரு ரகம் நட்டிருக்கிறார்கள். சின்ன மனைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி மழையில் பூக்கிறதே, தேனீகூட இருக்காதே?

தேனீ வேண்டாம், காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டு போகிறது. மழைக்கு நடுவே கொஞ்சம் காய்ந்த பொழுது கிடைத்தாலும் மஞ்சள் தூள் பறக்கும்.

இந்த மரத்தில் என்னை மிகவும் வியக்க வைப்பது இனிமேல் நடப்பதுதான். குளிர்காலத்தில் மகரந்தம் சேர்ந்தவுடன் கரு உண்டாவதில்லை. மகரந்தக் குழல் கொஞ்ச தூரம் வளர்ந்து, சூல்பை உருவாகும் வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். கருவுறுவது மே கடைசி, ஜூன் வாக்கில்தான். அதன் பிறகு முதலில் ஓடு முழு அளவுக்கு வளரும். பருப்பு அப்புறம்தான் உள்ளே நிரம்பும்.

கொட்டையை உடைத்தால் உள்ளே ஒன்றும் இல்லை. ஏன்?

மேலே சொன்னதுதான் காரணம். ஓடு வளர்ந்த பிறகு பருப்பு வளராமல் நின்றுபோனால் அது பொக்கு. நிலக்கடலையில் பொக்கு வருவது மாதிரி ஹேசல்நட்டிலும் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் இருக்கும். ரகத்துக்கு ரகம் அளவு மாறும். பொக்குகள் பெரும்பாலும் முதலில் உதிரும். ஆகவே முதல் வாரம் பொறுக்கியதை உடைத்துப் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம்.

கிழக்கு ஃபில்பர்ட் கருகல் நோய் என்று பயமுறுத்துகிறார்களே, அவ்வளவு மோசமா?

மோசம்தான். வீட்டில் ஒன்றிரண்டு மரம் வைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

இது ஒரு பூஞ்சை நோய். கிழக்கு அமெரிக்காவின் காட்டு ஹேசலில் காலகாலமாக இருப்பது. அந்தச் செடிக்குப் பெரிய சேதம் செய்யாது. ஐரோப்பிய ஹேசலைப் பிடித்தால் கொன்றுவிடும். கிழக்குக் கரையில் ஐரோப்பிய ரகங்களை வளர்க்கும் முயற்சி தோற்றுக்கொண்டே வந்ததற்கு இதுதான் காரணம். ராக்கி மலை குறுக்கே நின்றதால் ஒரிகன் பல காலம் தப்பித்தது. 1960களின் கடைசியில் பக்கத்து வாஷிங்டன் மாநிலத்தின் தென்மேற்கில் நோய் தென்பட்டது. 1980களில் வில்லாமெட் பள்ளத்தாக்குக்குள் வந்துவிட்டது. பார்சலோனா என்ற பழைய ரகத் தோப்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின.

மீட்பு வந்தது யாரும் மதிக்காத ஒரு மரத்தில் இருந்து. காஸவே என்று ஒரு பழைய ரகம். கொட்டை சிறியது, விளைச்சலும் சுமார், மகரந்தத்துக்காக மட்டும் ஓரமாக நட்டு வைத்திருந்தது. வாஷிங்டனில் நோயில் அழிந்துகொண்டிருந்த ஒரு தோப்பில் அது மட்டும் நோய் தொடாமல் நின்றது. அதில் இருந்த எதிர்ப்பு மரபணுவை நல்ல ரகங்களுக்குள் கொண்டுவரும் வேலை ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே ஹேசல்நட் ரக ஆய்வைத் தொடங்கியவர் மேக்ஸின் தாம்சன். 1980களின் நடுவில் இருந்து அதைத் தொடர்ந்தவர் ஷான் மெலன்பாக்கர். ஒரு கலப்பில் இருந்து வெளியிடத் தகுந்த ரகம் கிடைக்கப் பதினைந்து, இருபது வருடம்கூட ஆகும். இன்று நாம் கடையில் எடுக்கும் ஜெஃபர்சன், யாம்ஹில் கன்றுகளுக்குள் அத்தனை வருட உழைப்பு இருக்கிறது.

எதிர்ப்பு என்றால் நோயே வராது என்று அர்த்தம் இல்லை. சமீப வருடங்களில் இந்தப் பள்ளத்தாக்கிலேயே எதிர்ப்பு ரகங்களிலும் நோய்ப்புண் தென்பட்டிருக்கிறது. ஆகவே எந்த ரகமானாலும் வருடம் ஒருமுறை, இலை உதிர்ந்த குளிர்காலத்தில், ஒவ்வொரு கிளையையும் பார்த்துவிடுங்கள்.

அந்த நோயை எப்படிக் கண்டுபிடிப்பது?

கிளையின் பட்டையில் கறுப்பு மேடுகள் வரிசையாக, தையல் போட்டது மாதிரி, முட்டை வடிவத்தில் புடைத்திருக்கும். வேறு எதோடும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு. சிரமம் என்னவென்றால், வசந்தத்தில் மொட்டு வெடிக்கும்போது தொற்றினால் ஒரு வருடத்துக்கும் மேல் வெளியே எதுவும் தெரியாது. நாம் பார்க்கும்போது உள்ளே வெகுதூரம் போயிருக்கும். அதனால்தான் புண் தெரியும் இடத்தில் வெட்டினால் போதாது. அதற்குக் கீழே இரண்டு மூன்று அடி தள்ளி வெட்ட வேண்டும். வெட்டிய கிளைகளை மார்ச்சுக்கு முன் எரித்துவிடுங்கள், அல்லது தூளாக்கிவிடுங்கள். விறகுக்கு ஆகும் என்று அடுக்கி வைத்தால் மழை பெய்யும்போது அதில் இருந்தும் வித்து பறக்கும்.

வீடு வாங்கியபோதே கொல்லையில் ஒரு பழைய மரம் இருந்தது. என்ன செய்வது?

எங்கள் வீட்டிலும் வேலி ஓரம் அப்படி ஒன்று இருந்தது. நிழல் தருகிறது, இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். ஒருநாள் இரண்டு தெரு தள்ளித் தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்து கிளையைப் பிடித்துக் காட்டினார்: நுனி வரை கறுப்புப் புண். அவருடைய தோப்பில் பாதி இன்னும் பழைய ரகம். வருடாவருடம் மொட்டு வெடிக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று நான்கு தடவை மருந்து அடித்து அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மழைக்கும் காற்றுக்கும் எங்கள் வேலி தெரியாது. அவர் கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை, தகவல் சொல்வது போலத்தான் சொன்னார். அந்த வாரமே மரத்தை எடுத்துவிட்டேன்.

நீங்களும் முதலில் கிளைகளைப் பாருங்கள். புண் ஒன்றிரண்டு என்றால் வெட்டித் திருத்தலாம். பாதி மரத்துக்கு மேல் போயிருந்தால் எடுத்துவிடுவதுதான் சரி. அடிமரத்தை மட்டும் விட்டால் மறுபடி தளிர்க்கும், அதிலும் நோய் வரும். வேர்க்கட்டையையும் எடுத்துவிட வேண்டும்.

கொட்டையை விதைத்துக் கன்று உண்டாக்கலாமா?

முளைக்கும். வறுக்காத கொட்டையாக இருந்து, குளிரில் சில மாதம் கிடந்தால் நிச்சயம் முளைக்கும். அணிலும் ஜே பறவையும் புதைத்து மறந்த கொட்டைகள் ஒவ்வொரு வேலியிலும் முளைத்து நிற்கின்றன. ஆனால் விதைக்கன்று தாய் மாதிரி இருக்காது, நோய் எதிர்ப்பும் வரும் என்று சொல்ல முடியாது. வேலியோரம் தானாக முளைத்ததைப் பிடுங்கிவிடுங்கள். தாய் ரகம் அப்படியே வேண்டுமென்றால் மண் பதியம்தான் வழி.

அதே போல, கிழக்கு மாநிலத்து நண்பர் வீட்டில் இருந்து ஒரு கன்று கொண்டு வரலாமே என்று நினைக்காதீர்கள். அதைத் தடுக்க ஒரிகனில் சட்டமே இருக்கிறது.

எப்போது, எப்படி நட வேண்டும்?

இலை இல்லாமல் மரம் உறங்கும் குளிர்காலத்தில், மண் ஒட்டாத வேர்க்கன்றாக நடுவது மலிவு. தொட்டிக் கன்று என்றால் இலையுதிர் காலத்திலும் நடலாம்.

தண்ணீர் தேங்காத இடம் முக்கியம். இங்கே களிமண் அதிகம், குளிர்காலம் முழுக்க மழை. ஒரு குழி தோண்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் நின்றால் அந்த இடம் வேண்டாம், அல்லது மேடு கட்டி நடுங்கள். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேண்டாம். மேல் வேர் மண்ணுக்குள் ஓரிரண்டு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. மரத்துக்கு மரம் 15 முதல் 20 அடி.

நட்டவுடன் தண்டுக்கு வெள்ளை லேடெக்ஸ் பெயின்ட்டில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அடித்துவிடுங்கள். கோடை வெயிலில் இளம் பட்டை வெந்து வெடிக்கும், அந்த வெடிப்பில்தான் பூச்சி நுழையும்.

தண்ணீர், உரம்?

வில்லாமெட் கோடையில் மழை கிடையாது. முதல் இரண்டு மூன்று கோடை வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட வேண்டும். வேர் பிடித்த மரம் தானே தாங்கும், ஆனாலும் ஜூலையில் தண்ணீர் கிடைத்தால் பருப்பு நன்றாக நிரம்பும். மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டி மட்டும் வேண்டாம்.

முதல் வருடம் உரம் வேண்டியதில்லை. அப்புறம் வசந்தத்தில் கொஞ்சம் தழைச்சத்து. இங்குள்ள மண் புளிப்பு, ஆகவே பரிசோதனை செய்து தேவையானால் சுண்ணாம்பு போடலாம். இந்தப் பகுதியில் போரான் குறைபாடும் உண்டு, ஆனால் அளவு தெரியாமல் போட்டால் மரத்துக்கு விஷம்.

அடியில் இருந்து கிளைத்துக்கொண்டே இருக்கிறது. வெட்டலாமா?

ஹேசல் இயல்பிலே புதர். துருக்கியில் அப்படியே பல தண்டுகளாக, வட்டமாக விட்டு வளர்க்கிறார்கள். ஒரிகனில் ஒற்றைத் தண்டு மரமாக வளர்ப்பது வழக்கம், ஏனென்றால் கொட்டையைத் தரையில் இருந்து கூட்டி எடுக்க வேண்டும். எந்த முறையானாலும் காய்க்கும். ஒற்றைத் தண்டு வேண்டுமென்றால் வருடம் மூன்று நான்கு தடவை பக்கக் கன்றுகளை நீக்க வேண்டும். விரல் நீளம் இருக்கும்போதே கையால் பிய்த்துவிட்டால் சுலபம். கத்தரிக்கோல் எடுக்கிற அளவுக்கு விட்டால் வேலை இரட்டிப்பாகும்.

கவாத்து குளிர்காலத்தில். காய் பிடிப்பது முந்தின வருடம் வளர்ந்த கொம்பில்தான், அதனால் பழைய கிளையைக் கொஞ்சம் கழித்துப் புதுத் தளிருக்கு வெளிச்சம் விடுங்கள்.

எத்தனை வருடத்தில் காய்க்கும்?

மூன்று நான்கு வருடத்தில் ஒரு கைப்பிடி. எட்டு வருடம் போனால் குடும்பத்துக்குப் போதும் போதும் என்கிற அளவு. ஒரு வருடம் நிறைய, மறு வருடம் குறைவு என்று மாறி மாறி வரும்.

அணில்?

வரும். ஜே பறவையும் வரும். வலை போட்டுப் பார்த்தேன், பெரிய மரத்துக்கு முடியாது. காலையில் முதல் வேலையாகப் பொறுக்குவது ஒன்றுதான் உதவுகிறது. ஓட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால் அது ஃபில்பர்ட் புழு வெளியே போன வழி. ஓக் மரக் காயிலும் வாழ்வது. உதிர்ந்ததைத் தரையில் விட்டுவைக்காமல் எடுத்தால் அடுத்த வருடம் குறையும்.

எப்போது அறுவடை? பறிக்க வேண்டுமா?

பறிக்கக் கூடாது. செப்டம்பர் கடைசியில் இருந்து அக்டோபருக்குள் தானாக உதிரும். தோப்புகளில் தரையை அத்தனை சுத்தமாக வைப்பது இதற்குத்தான். இலையுதிர் மழை தொடங்குவதற்குள் பொறுக்குங்கள், ஈரத்தில் கிடந்தால் பூசணம் பிடிக்கும்.

பொறுக்கியதைக் கழுவி, தண்ணீரில் மிதப்பவற்றை ஒதுக்கினால் பொக்கில் பெரும்பகுதி போய்விடும். பிறகு ஒற்றை அடுக்காகப் பரப்பி, 32 முதல் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். நான் ஹீட்டர் பக்கத்தில் கம்பி வலைத் தட்டில் வைக்கிறேன். பருப்பை உடைத்தால் மடக்கென்று முறிய வேண்டும், உள்ளே வெள்ளையில் இருந்து இளமஞ்சளுக்கு மாறியிருக்க வேண்டும். ஓட்டோடு குளிர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் இருக்கும். உடைத்த பருப்பு என்றால் ஃப்ரீசரில் வையுங்கள், எண்ணெய் அதிகம் என்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும்.

நம் சமையலில் எப்படிச் சேர்ப்பது?

முதலில் 135 டிகிரி செல்சியஸ் அவனில் இருபது நிமிடம் வறுத்து, துண்டில் போட்டுத் தேய்த்தால் தோல் கழன்றுவிடும். கசப்பு தோலில்தான். எங்கள் வீட்டில் நிலக்கடலைப் பொடி மாதிரியே செய்கிறோம்: வறுத்த ஹேசல்நட், காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு. சுடுசோற்றுக்கு நெய்யோடு நன்றாக இருக்கிறது. முந்திரிக்குப் பதில் குருமாவில் அரைத்தும் விடலாம், ஆனால் நிறம் பழுப்பாகும். ஒன்று கவனம்: ஹேசல்நட் ஒவ்வாமை கடுமையாக வரக்கூடியது. குழந்தைகளுக்கு முதல்முறை தரும்போதும், விருந்தினருக்குப் பரிமாறும்போதும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

நியூ ஜெர்சியில் இருக்கிறோம். இதே ரகங்கள் சரிப்படுமா?

வேண்டாம். அங்கே அந்தப் பூஞ்சையின் வகைகள் அதிகம், காஸவே எதிர்ப்பு அங்கே நிற்பதில்லை. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 2020இல் ராரிட்டன், மான்மத், ஹண்டர்டன், சாமர்செட் என்ற ரகங்களை அங்கத்திய மண்ணுக்கென்றே வெளியிட்டது, அவற்றைத் தேடுங்கள். இங்கிலாந்து வாசகர்களுக்கு இந்த நோயின் கவலையே இல்லை. கென்ட் பகுதியின் காப்நட் இதே மரம்தான், அங்கே தொல்லை சாம்பல் அணில்.

ஊட்டியில் அப்பாவின் நிலத்தில் வைக்கலாமா?

ஆசை புரிகிறது, நானும் யோசித்திருக்கிறேன். ஆனால் இந்த மரத்துக்கு ஏழு டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய ஆயிரம் மணி நேரக் குளிர் வேண்டும். ஊட்டியில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் ஏறிவிடுகிறது. இந்தியாவில் இமயமலைப் பகுதியில் இதன் உறவு மரம் இருக்கிறது. இமாச்சலப் பிரதேசத்தின் பாங்கி பள்ளத்தாக்கில் அதன் கொட்டையைத் தாங்கி என்று சொல்கிறார்கள்.

நடுவதற்கு முன் மரத்தை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் டோரிஸ் ராஞ்ச். 1892இல் ஜார்ஜ் டோரிஸ், லூலூ டோரிஸ் தம்பதி வாங்கிய நிலம். நாட்டின் முதல் வணிக ஹேசல்நட் தோப்பு அங்கே உருவானது. டோரிஸ் ரகத்தின் பெயர் அந்த இடத்தில் இருந்து வந்ததுதான். இப்போது பொதுப் பூங்கா, யாரும் நடக்கலாம். ஜனவரி கடைசியில், மழை விட்ட ஒரு நாளில் போங்கள். மஞ்சள் சரம் எல்லாருக்கும் தெரியும். கிளையை முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து, அந்தச் சிவப்பு நூலையும் தேடிப் பாருங்கள்.